அம்மாவின் கொலுசில் ஒரு நீரோ காசு: கும்பகோணத்துப் பட்டறை அனுபவம்

கும்பகோணத்தில், கும்பேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பெயர்ப் பலகை இல்லாத வெள்ளிப் பட்டறை ஒன்று இருக்கிறது. மெட்டி, அரைஞாண், கொலுசுக்குத் திருகாணி, சாமிக்குக் கண்மலர் என்று வழக்கமான வேலைதான் அங்கே நடக்கும். நான் அங்கே போய் நாலு ரோமானியக் காசுகள் அடித்து வாங்கி வந்தேன். அந்த வேலை எப்படி இருந்தது, என்ன செலவானது, எங்கே சிக்கல் வந்தது என்று எழுதச் சொல்லி இரண்டு மூன்று சரித்திர டீச்சர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், இதுபோல யோசனை உள்ள மற்றவர்களுக்காகவும் இது.

நான் சீர்காழிக்குக் கிழக்கே ஓர் அரசுப் பள்ளியில் சரித்திரம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பூம்புகார்க் கரையோரக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். யவனர் கப்பல், மிளகு, முத்து எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், எங்கேயோ இருக்கிற ராஜா மூஞ்சி போட்ட காசை நம்ம ஆளு எப்படி நம்பி வாங்கினான்?" அந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. காசைக் கையில் கொடுத்தால் அவனே கண்டுபிடிப்பான் என்று தோன்றியது.

முதலில் இணையத்தில் ஒரு நகல் செட்டு வாங்கினேன். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. வந்ததைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே எடை, ஒரே பளபளப்பு. பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் தாவி வந்து ஒட்டிக்கொண்டது. இரும்பில் பூச்சு. முகம் மட்டும் ரோமானியருடையது. எடையும் உலோகமும் பொய்யானால் அந்தப் பையனின் கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

அப்புறம்தான் பட்டறையைத் தேடினேன். எனக்கு வேண்டியது நாலு காசு. அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் (ரோமானியரின் வெள்ளிக் காசு) ஒன்று, நீரோ கி.பி. 64இல் மாற்றியமைத்த டெனாரியஸ் ஒன்று, செப்டிமியஸ் செவரஸ் காலத்தது ஒன்று, கடைசியாக இரண்டாம் கிளாடியஸ் காலத்து, அதாவது 270ஐ ஒட்டிய, இரண்டு டெனாரியஸ் மதிப்புள்ள இரட்டைக் காசு ஒன்று. நாலிலும் வெள்ளி எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருக்க வேண்டும், எடையும் அப்படியே. மாயவரத்தில் இரண்டு கடைகளில் கேட்டேன், சிரித்து அனுப்பிவிட்டார்கள். கும்பகோணத்துப் பத்தர் சிரிக்கவில்லை. "செம்பு எவ்வளவு போடணும், அதைச் சொல்லுங்க டீச்சர்" என்றுதான் கேட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

டெனாரியஸ் பிறந்தது கி.மு. 211 வாக்கில், ஹன்னிபாலோடு ரோம் போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். பத்து 'ஆஸ்' செப்புக்காசுக்கு ஒன்று என்பதால்தான் அந்தப் பெயர். பிறகு அதைப் பதினாறாக மாற்றினார்கள், பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது. ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில், அதாவது ஏறக்குறைய 325 கிராமில், அகஸ்டஸ் காலத்தில் 84 காசு அடித்தார்கள். நீரோ அதை 96 ஆக்கினான். காசின் எடை 3.8 கிராமிலிருந்து 3.4க்கு இறங்கியது. அதோடு செம்பும் சேர்ந்தது.

இங்கேதான் பத்தரிடம் நான் பாடம் படித்தேன். செலவைக் குறைக்கலாம் என்று அம்மாவின் பழைய கொலுசு ஒரு ஜோடி கொண்டுபோயிருந்தேன், 48 கிராம். திருகு உடைந்து பத்து வருடமாகப் பீரோவில் கிடந்தது. அசல் வெள்ளி என்று சொல்லித்தான் அம்மா எனக்குக் கொடுத்தார். பத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்று பார்க்கும் மெஷினுக்கு எடுத்துப் போனார். வைப்பதற்கு முன்னால், வளையம் ஒன்றின் உள்பக்கத்தில் அரத்தால் நன்றாக ராவினார். ஏன் ராவுகிறீர்கள் என்று கேட்டேன். "மேல வெச்சுப் பார்த்தா தொண்ணூறுக்கு மேல காட்டும். புளித்தண்ணியில கொதிக்க வெச்ச வெள்ளி அப்படித்தான். தோல் வெளுத்திருக்கும், உள்ளே செம்பு இருக்கும்." ராவிய இடத்தில் மெஷின் 80 என்று காட்டியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீரோ காசுக்கும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அதில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்த கணக்கு அது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் விளிம்பில் நுணுக்கமாகத் துளைத்து, உள்ளே இருந்து துகள் எடுத்துச் சோதித்தபோது, 64ஆம் ஆண்டுச் சீர்திருத்தக் காசில் வெள்ளி 80ஐ ஒட்டித்தான் இருந்தது என்று தெரிந்தது. காசு அடிக்கும் ரோமானிய அக்கசாலையிலும் அடிப்பதற்கு முன்னால் வில்லையைச் சூடாக்குவார்கள். மேலே இருக்கும் செம்பு கருத்துப்போகும். அதைப் புளிப்பில் போட்டுக் கழுவினால் செம்பு மட்டும் கரைந்து வெள்ளித் தோல் நிற்கும். கும்பகோணத்தில் புளி, அங்கே வேறு ஏதோ ஒரு காடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப இந்தக் கொலுசையே உருக்கி அடிச்சுடலாம், டீச்சர். ஒண்ணும் கலக்க வேண்டாம், நீரோ காசு தயார்" என்றார் பத்தர். அம்மா காலில் கிடந்ததே நீரோ போட்ட கலவை. முதல் காசுக்கு மட்டும் கட்டி வெள்ளி தனியாக வாங்கிக்கொண்டோம், ஏனென்றால் அகஸ்டஸ் காசு 97, 98 டச்சுக்கு நின்றது. செவரஸ் காசு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதற்குக் கொலுசு வெள்ளியிலேயே மேலும் செம்பு சேர்த்தார். கிளாடியஸ் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அதைச் செம்பு என்று சொல்லி விற்றாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அச்சு வெட்டும் வேலைதான் பெரிய வேலை. செலவை யோசித்து, முதல் காசுக்கு மட்டும் இரண்டு பக்கமும் அச்சு வெட்டச் சொன்னேன். மற்ற மூன்றுக்கும் தலைப்பக்கம் மட்டும். முதுகில் ஆண்டை மட்டும் எண்குத்தால் குத்தினால் போதும் என்று சொல்லிவிட்டேன். எடையையும் டச்சையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். அசலோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முதல் காசின் விளிம்போரம் சின்னதாக 'ந' என்று ஒரு குத்து. இதுபோல யார் செய்தாலும் இந்த அடையாளத்தைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நம் கையை விட்டுப் போனாலும் நகல் என்று தெரிய வேண்டும்.

முதல் காசுக்கு நான் தேர்ந்தெடுத்தது லியோன் நகரத்து அக்கசாலையில் கி.மு. 2 முதல் அடித்த வகை. ஒரு பக்கம் இலை மாலை சூடிய அகஸ்டஸ் தலை. மறுபக்கம் அவருடைய பேரப்பிள்ளைகள் கையஸ், லூசியஸ் இருவரும் கேடயத்தின்மேல் கை வைத்து நிற்பார்கள். தமிழகத்தில் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் அடிக்கடி வருவது இதுவும், அடுத்து வந்த திபேரியஸின் காசும்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூர், நம் காவிரியில் வந்து சேரும் அமராவதிக் கரையில் கரூர், இங்கெல்லாம் கிடைத்திருக்கின்றன.

இதில்தான் தவறு நடந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தும், சுற்றி வரும் எழுத்தில் மூன்று இடங்களில் 'எஸ்' திரும்பி விழுந்துவிட்டது. ஓர் இடத்தில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வெறும் கோடாகிவிட்டன. பத்தருக்கு ஆங்கில எழுத்துப் பழக்கம் குறைவு, அதிலும் அச்சில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கிறதே, படம் தப்பா என்று வேறு கேட்டார். லத்தீனில் அப்படித்தான் வெட்டுவார்கள் என்று சொல்லி வைத்தேன். திருத்தி வேறு அச்சு வெட்டித் தருவதாகச் சொல்லி, அதற்குக் கூலி வாங்கவில்லை. நியாயமாக நடந்துகொண்டார். ஆனால் முதலிலேயே ஈயத்தில் ஒரு அடி அடித்துக் காட்டியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அங்கே வேலை கொடுக்கிறவர்கள், எஃகு அச்சைக் காய்ச்சித் தோய்ப்பதற்கு முன்னால் ஈயத்தில் ஒரு மாதிரி கட்டாயம் கேளுங்கள்.

எழுத்து திரும்பிய அந்தக் காசை நான் உருக்க விடவில்லை. தென்னிந்தியாவில் ரோமானியக் காசைப் பார்த்து இங்கேயே அடித்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எழுத்து இப்படித்தான் தடுமாறும், சிலவற்றில் வெறும் கோடும் புள்ளியுமாக நிற்கும். படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து வெட்டிய ஒரு கைவினைஞரை அந்த வகுப்பில் வேறு எப்படி நான் காட்ட முடியும்? ஐந்தாவது காசாக அதுவும் என் டப்பாவில் இருக்கிறது.

அடிக்கும் நாளில் நேரில் போயிருந்தேன். காலையில் முதல் பஸ் பிடித்து மாயவரத்தில் மாறி, ஒன்பதரைக்கெல்லாம் பட்டறையில் இருந்தேன். மூசையில் வெள்ளி உருகி, மேலே வெங்காரம் கண்ணாடிபோல மிதந்தது. பத்தர் ஒவ்வொரு வில்லைக்கும் எடை பார்த்து, கூடுதலை அரத்தால் ராவி ராவி எடுத்தார். தலை அச்சைப் பட்டடைக் கல்லில் பதித்தாயிற்று. வில்லையைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து அதன்மேல் வைத்தார். முதுகு அச்சை மேலே நிறுத்திப் பிடித்துக்கொள்ள, அவருடைய மகன் சம்மட்டியால் ஒரே போடு போட்டான். அச்சைத் தூக்கினால், நேற்று வரை தகடாக இருந்ததில் ஒரு மனிதன் மூக்கும் மாலையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி விழுந்திருந்தது, விளிம்பில் மயிர் போல ஒரு வெடிப்பு. பத்தர் முகம் சுருங்கியது, மறுபடி அடிக்கலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அசல் டெனாரியஸ் பத்தைப் பார்த்தால் பாதிக்காவது தலை நடுவில் இருக்காது, விளிம்பு வெடித்திருக்கும். இயந்திரம் இல்லாமல் இரண்டு பேர் கையால் அடித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

கிளாடியஸ் காசுக்கு மேலே மெல்லிசாக வெள்ளிப் பூச்சு கொடுத்தார். அசலிலும் அப்படித்தான். தலையில் கதிர்க் கிரீடம் இருந்தால் இரட்டைக் காசு என்று அடையாளம். 215இல் காரகல்லா தொடங்கி வைத்தது. இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று சொல்லி, ஒன்றரை டெனாரியஸ் வெள்ளிதான் அதில் போட்டார்கள். அங்கிருந்து ஐம்பது வருடத்துக்குள் காசு செம்பாகிவிட்டது. எல்லையில் போர், பட்டாளத்துக்குச் சம்பளம், மாற்றி மாற்றிப் பேரரசர்கள், வெள்ளி போதவில்லை.

சரி, கணக்கு. ஒரு அச்சுக்கு 1,200 ரூபாய் வீதம் ஐந்து அச்சுக்கு 6,000. நாலு காசு அடிக்க 800. கட்டி வெள்ளிக்கு அன்றைய விலை தனி. கொலுசு வெள்ளியில் 5.4 கிராம் வேலைக்குப் போயிருந்தது. மிச்சம் 42.3 கிராமைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, தேய்மானம் 0.3 கிராம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். சேதாரம் என்று ஒரு பைசா போடவில்லை. நகைக்கடைகளில் சேதாரம் என்ற ஒரு சொல்லுக்கு நான் இத்தனை வருடம் கொடுத்த பணத்தை நினைத்தால், அந்தச் சீட்டை மட்டும் சட்டம் போட்டு மாட்டலாம்.

தாமதம்தான் பெரிய குறை. இரண்டு வாரம் என்று சொன்னது இரண்டரை மாதம் ஆனது. ஆவணி முகூர்த்தம் வந்ததும் மெட்டி வேலை குவிந்துவிட்டது, என் காசு மூலைக்குப் போய்விட்டது. போன் செய்தால் எடுப்பார், அடுத்த வாரம் என்பார். பாடம் எனக்காக நிற்காது என்பதால் அது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ஆடியிலோ மார்கழியிலோ கொடுங்கள், முகூர்த்த மாதத்தில் கொடுக்காதீர்கள்.

காசுகள் வந்த மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் வேலையின் தரம் புரியும். என்னிடம் 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு இருக்கிறது. முதலில் வெறும் எடை: 3.79, 3.40, 3.20, 3.00. பிறகு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டோம். ஏறும் எடை, காசு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் காசுக்கு 0.36, நீரோவுக்கு 0.34, மற்ற இரண்டுக்கும் 0.33. முதல் எடையை இரண்டாவதால் வகுத்தார்கள்: 10.5, 10, 9.7, 9.1. சுத்த வெள்ளி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே என்று கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே காசுகள் வெள்ளியிலிருந்து செம்புக்கு இறங்கி வருவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இந்தத் தராசில் அரை மில்லிகிராம் நுட்பம் கிடையாது, 97ஐயும் 93ஐயும் இதில் பிரிக்க முடியாது. ஆனால் பத்தர் போட்ட கலவை சொன்னபடி இருக்கிறது என்பதற்கு இது போதும்.

கேள்வி கேட்ட பையனுக்கு அப்போது பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிய ஒரு சம்பவத்தைச் சொன்னேன். கிளாடியஸ் காலத்தில், அதாவது நீரோவுக்கு முந்தைய முதலாம் கிளாடியஸ், ரோமானியன் ஒருவன் காற்றில் அடித்துப்போய் இலங்கையில் ஒதுங்குகிறான். அவனிடமிருந்த டெனாரியஸ்களை அந்த ஊர் ராஜா பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம், ஆனால் எல்லாம் ஒரே எடை. ராஜா அதைத்தான் வியந்தாராம். "அப்ப மூஞ்சியைப் பார்க்கல, எடையைப் பார்த்தாங்க" என்றான் பையன். நம் ஊர்ப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் குவிந்து கிடக்க, 64க்குப் பிந்திய வெள்ளிக் காசு அபூர்வமாகத்தான் இருக்கிறது. காரணம் இதுதான் என்று நானும் நம்புகிறேன். நல்ல வெள்ளியைக் கண்டு வைத்துக்கொண்டவர்கள் நம் ஆட்கள். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு யவனர் கலத்தைச் சொல்லும். பொன் என்றால் உலோகம் என்றும் பொருள், வெள்ளிக்கு வெண்பொன் என்றே பெயர் உண்டு. கறி என்பது மிளகு.

மிளகுக்கும் ஒரு கணக்கு போட்டோம். ரோமில் கருமிளகு பவுண்டு 4 டெனாரியஸ் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் ஒரு காசுக்கு ஏறக்குறைய 80 கிராம். மளிகைக் கடையிலிருந்து 80 கிராம் மிளகு நிறுத்து வாங்கிப்போய், காசுக்குப் பக்கத்தில் காகிதத்தில் கொட்டி வைத்தேன். அகஸ்டஸ் காலத்துச் சிப்பாய்க்கு வருடத்துக்கு 225 டெனாரியஸ், நாளைக்குப் பத்து ஆஸ். ஒரு நாள் முழுக்க வேல் பிடித்து நின்றவனுக்கு ஐம்பது கிராம் மிளகு. பிள்ளைகள் அந்தக் குவியலிலிருந்து ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று அதே பிளினிதான் புலம்பினார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ், ஆக ஒன்றேகால் கோடிக் காசு. எல்லாமே வெள்ளியாக வந்திருந்தால் நாற்பது டன்னுக்கு மேல்.

கடைசியாகக் கிளாடியஸ் காசை எடுத்தான் அந்தப் பையன். பூச்சு இன்னும் பளபளவென்றுதான் இருந்தது, அகஸ்டஸைவிட நன்றாகவே. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் 1898இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்ததைப் படத்தில் காட்டியிருந்தேன். "நானும் வெட்டிப் பார்க்கட்டுமா டீச்சர்?" என்றான். ஒரு நிமிடம் யோசித்தேன், இரண்டரை மாதம் காத்திருந்து வாங்கிய காசு. வெட்டு என்றேன். தொழிற்கல்வி அறையிலிருந்து உளி கொண்டுவந்து, சுத்தியலால் ஒரே தட்டு. கதிர்க் கிரீடத்திலிருந்து தாடை வரை பூச்சு பிளந்து, உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தது.

பத்தரிடம் போன மாதம் அதைக் காட்டினேன். வேறு அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், திபேரியஸுக்கு அச்சு வெட்டுங்கள் என்று படத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இந்தத் தடவை எழுத்துகளை நானே தாளில் இடவலம் மாற்றி வரைந்து.